வால்வு மாத்தியாச்சு... அப்புறம்? இதய வால்வு நோயாளிகளுக்கு செவிலியர் ஏன் 5 நாளைக்கு மட்டும் போதாது?

செங்கல்பட்டு மாவட்டம், அணுபுரம். கல்பாக்கம் அணுசக்தித் துறை ஊழியர்களுக்காக உருவான குடியிருப்பு. கிழக்கே போனால் சதுரங்கப்பட்டினம், புதுப்பட்டினம் என்று கடற்கரை. மேற்கே திருக்கழுக்குன்றம் தாண்டினால் செங்கல்பட்டு. இந்த ஒரே ரோட்டில் இரண்டு நோயாளிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

முதலாமவர் 68 வயது, ஓய்வுபெற்ற டெக்னீஷியன். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, ஒருமுறை மயங்கி விழுந்தார். துறையின் மருத்துவத் திட்டம் இருக்கிறது, கல்பாக்கத்திலேயே துறையின் மருத்துவமனையும் இருக்கிறது. இரண்டாமவர் 34 வயது, கடற்கரையில் மீன் வாங்கி ஊருக்குள் விற்கும் பெண். சின்ன வயதில் காய்ச்சலும் மூட்டு வலியும் வந்து போனதாக அம்மா சொல்வார். இப்போது இரண்டு தலையணை வைத்தால்தான் தூங்க முடிகிறது.

இரண்டு பேருக்கும் நோய் ஒன்றுதான். இதய வால்வு. இரண்டு பேருக்கும் ஆபரேஷன் நடக்கும், இரண்டு பேரும் வீட்டுக்கு வருவார்கள். வந்த பிறகு யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வியில்தான் இருவரின் கதையும் பிரிகிறது.

செவிலியர்கள் பற்றி நம் சேனல்களில் செய்தி வருவது பெரும்பாலும் இரண்டு சமயத்தில். மே 12 செவிலியர் தினத்தில் வாழ்த்து. அவர்கள் ரோட்டில் உட்கார்ந்தால் பிரேக்கிங் நியூஸ். நடுவில் அவர்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்பது பெரிதாக ஸ்கிரீனில் வருவதில்லை. வால்வு நோயை எடுத்துக்கொண்டால் அந்த வேலை நன்றாகவே புரியும்.

*வால்வு எதுக்கு இருக்கு?*

இதயத்தில் 4 வால்வுகள். ரத்தம் ஒரே திசையில் போக வேண்டும், திரும்பி வரக் கூடாது. அதற்கான கதவுகள் இவை. ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் முறை திறந்து மூடுகின்றன. கதவு சரியாகத் திறக்காவிட்டால் சுருக்கம், சரியாக மூடாவிட்டால் கசிவு. சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

நம் டெக்னீஷியனுக்குக் கெட்டது அயோர்டிக் வால்வு. வயதாக ஆக அதில் கால்சியம் படிந்து இறுகிவிட்டது. மீன் விற்கும் பெண்ணுக்குக் கெட்டது மைட்ரல் வால்வு. காரணம் வேறு: ருமாட்டிக் காய்ச்சல். பள்ளிக்கூட வயதில் வரும் ஒரு வகை பாக்டீரியா தொண்டைப் புண்ணை ஒழுங்காகக் கவனிக்காவிட்டால், இரண்டு மூன்று வாரம் கழித்து உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூட்டையும் இதயத்தையும் தாக்குகிறது. மூட்டு வலி போய்விடும். வால்வில் விழுந்த தழும்பு போகாது. 10, 20 வருடம் கழித்து மூச்சு வாங்கும்போதுதான் தெரியும்.

ருமாட்டிக் இதய நோயோடு உலகத்தில் சுமார் 5.5 கோடி பேர் வாழ்வதாகவும், ஆண்டுக்குச் சுமார் 3.6 லட்சம் பேர் இறப்பதாகவும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இதைத் தடுக்க வேண்டும் என்று உலக சுகாதார சபை 2018-ல் தீர்மானமே போட்டது. பணக்கார நாடுகளில் அநேகமாக மறைந்துபோன நோய் இது. நெருக்கமான வீடு, தாமதமான சிகிச்சை என்று எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் இன்னும் இருக்கிறது.

ஒரு விஷயம் கவனியுங்கள். தொண்டைப் புண்ணுக்குப் பென்சிலின் விலை மலிவு. ருமாட்டிக் காய்ச்சல் வந்தவர்களுக்கு மறுபடி வராமல் இருக்க 3 அல்லது 4 வாரத்துக்கு ஒரு முறை பென்சாதின் பென்சிலின் ஊசி, அதுவும் பல வருடங்களுக்கு. ரொம்ப வலிக்கிற ஊசி. இதைப் போடுவது செவிலியர்தான். தேதி தவறினால் ஆள் அனுப்பிக் கூப்பிடுவதும் அவர்தான். அந்த ஊசி 10 வருடம் விடாமல் போயிருந்தால் அந்தப் பெண்ணின் வால்வு இந்த அளவுக்குக் கெடாமலே இருந்திருக்கலாம்.

*ஆபரேஷன் முடிந்த முதல் ராத்திரி*

இதய அறுவை சிகிச்சை என்றால் நமக்கு ஞாபகம் வருவது சர்ஜன். நியாயம்தான், நெஞ்சைத் திறப்பவர் அவர். ஆனால் தியேட்டரிலிருந்து ஐசியூவுக்கு வந்த பிறகு அடுத்த 24 மணி நேரம் கட்டிலை விட்டு நகராதவர் செவிலியர். இங்கே ஒரு நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பதுதான் முறை.

அவர் பார்ப்பது என்னென்ன? ரத்த அழுத்தம், இதயத் துடிப்பு, மணிக்கு மணி சிறுநீர் எவ்வளவு வருகிறது, நெஞ்சில் வைத்த ட்யூபில் எவ்வளவு ரத்தம் வடிகிறது. இதில் கடைசி விஷயம் ரொம்ப முக்கியம். ரத்தம் அதிகமாக வடிந்தால் ஆபத்து என்று யாருக்கும் தெரியும். ஆனால் நன்றாக வடிந்துகொண்டிருந்தது திடீரென்று நின்றுபோனால்? வெளியில் நிற்கும் உறவினர் "அப்பாடா" என்பார். செவிலியர் பதறுவார். ட்யூப் அடைத்துக்கொண்டு ரத்தம் உள்ளேயே தேங்கி இதயத்தை அமுக்கத் தொடங்கியிருக்கலாம். கூடவே பிரஷர் இறங்கினால், கழுத்து நரம்பு புடைத்தால், அது நிமிஷக் கணக்கில் உயிரைப் பறிக்கும் நிலை. அந்த நேரம் டாக்டரை எழுப்புவதா வேண்டாமா என்று முடிவெடுப்பவர் அவர்.

வால்வுக்கு அருகிலேயே இதயத்தின் மின் பாதை ஓடுகிறது. வால்வைத் தைக்கும்போது அங்கே வீக்கம் வந்தால் துடிப்பு ரொம்பக் குறைந்துவிடலாம். அதற்காகவே நெஞ்சிலிருந்து மெல்லிய கம்பிகளை வெளியே விட்டு, வெளியிலிருக்கும் பேஸ்மேக்கரோடு இணைக்கத் தயாராக வைத்திருப்பார்கள். அந்தக் கம்பி அசையாமல் பார்த்துக்கொள்வதும் இந்தக் கவனிப்பில் சேர்ந்ததுதான்.

அப்புறம் அந்த மூன்று பந்து டப்பா. ஆபரேஷன் வார்டுக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். நோயாளிகள் நிறைய பேர் அதை ஊதுகிறார்கள். அது ஊதுவதற்கு இல்லை, மூச்சை உள்ளே இழுப்பதற்கு! இழுத்தால்தான் நுரையீரல் விரியும், சளி கட்டாது. தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமச் சொல்வதும் இதற்காகத்தான். நெஞ்செலும்பைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள், அது கூட 6 முதல் 8 வாரம் ஆகும்.

அந்த 6 வாரம்தான் வீட்டில் சிக்கல். "வெயிட் தூக்காதீங்க" என்று பொதுவாகச் சொன்னால் யாருக்கும் புரியாது. தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது, ஒரு கையால் பக்கெட் இழுக்கக் கூடாது, பைக் ஓட்டக் கூடாது, கிரைண்டர் கல்லைத் தூக்கிக் கழுவக் கூடாது, மீன் கூடையைத் தலைக்கு ஏற்றவே கூடாது என்று வீட்டு வேலை தெரிந்த ஒருவர் சொன்னால்தான் புரியும். அதைச் சொல்பவர் வார்டு சிஸ்டர்.

*உள்ளே 'டிக் டிக்'... வெளியே ஒரு மாத்திரை*

மாற்று வால்வு இரண்டு வகை. உலோகம், கார்பன் போன்றவற்றால் செய்த மெக்கானிக்கல் வால்வு. விலங்குத் திசுவால் செய்த திசு வால்வு. மெக்கானிக்கல் நீண்ட நாள் உழைக்கும், ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க ஆயுள் முழுக்க மாத்திரை வேண்டும். திசு வால்வுக்கு அந்த மாத்திரை பெரும்பாலும் சில மாதம்தான், ஆனால் 10, 15 வருடத்தில் தேய்ந்துவிடலாம். அதனால் பொதுவாக வயதானவர்களுக்கு திசு வால்வு, இளம் வயதினருக்கு மெக்கானிக்கல். இப்போது தொடை ரத்தக் குழாய் வழியாகவே அயோர்டிக் வால்வைப் பொருத்தும் 'டாவி' முறையும் வந்துவிட்டது. 2002-ல் பிரான்ஸில் அலன் கிரிபியே முதன்முதலில் செய்தது. நம் டெக்னீஷியனுக்கு அதுவும் ஒரு வாய்ப்பு. 34 வயதுப் பெண்ணுக்கு மெக்கானிக்கல் வால்வைச் சொல்லவே வாய்ப்பு அதிகம்.

இங்கே நம் ஊர் கதை ஒன்று. வெளிநாட்டு வால்வு விலை கட்டுப்படியாகாத காலத்தில், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் டாக்டர் எம்.எஸ்.வலியத்தான் தலைமையிலான குழு இந்தியாவிலேயே வால்வு செய்ய இறங்கியது. முதல் மாடல்கள் தோற்றன. விடாமல் செய்து 1990 டிசம்பர் 6-ம் தேதி முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். சென்னையைச் சேர்ந்த டிடிகே குழுமம் தயாரிப்பை எடுத்துக்கொண்டது. சித்ரா வால்வு என்று இன்றும் ஆபரேஷன் தியேட்டர்களில் புழங்கும் பெயர் அதுதான். 1 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பொருத்தப்பட்டிருக்கிறது. வலியத்தான் 2024 ஜூலையில் காலமானார்.

வால்வு மலிவாகக் கிடைத்துவிட்டது. ஆனால் வால்வோடு கூடவே வருகிற மாத்திரைதான் நோயாளியை ஒவ்வொரு நாளும் சோதிக்கிறது.

வார்ஃபரின், அல்லது நம் ஊரில் அதிகம் எழுதும் அசிட்ரோம். குறைந்தால் வால்வில் ரத்தக் கட்டி, அதிலிருந்து பக்கவாதம். கூடினால் மூளையிலோ வயிற்றிலோ ரத்தக் கசிவு. நடுவில் ஒரு சின்ன வரப்பு மேல்தான் நடக்க வேண்டும். அந்த வரப்பை அளப்பது ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை. சாதாரண ஆளுக்கு 1 இருக்கும். மெக்கானிக்கல் வால்வு அயோர்டிக் இடத்தில் இருந்தால் பொதுவாக 2 முதல் 3, மைட்ரல் இடத்தில் என்றால் 2.5 முதல் 3.5 வரை வைத்திருக்கச் சொல்வார்கள். உங்களுக்கான எண் எது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த எண் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"டெஸ்ட் தேவையில்லாத புது மாத்திரை இருக்காமே?" என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கிறது, வேறு நோயாளிகளுக்கு. மெக்கானிக்கல் வால்வு வைத்தவர்களுக்கு டபிகட்ரான் கொடுத்துப் பார்த்த ஆய்வை 2012-ல் பாதியிலேயே நிறுத்த வேண்டி வந்தது. கட்டியும் அதிகம், கசிவும் அதிகம். ருமாட்டிக் இதய நோயால் துடிப்பு ஒழுங்கு தப்பியவர்களுக்கு ரிவரோக்ஸபான் கொடுத்துப் பார்த்த இன்விக்டஸ் ஆய்வு 2022-ல் வெளியானது. அதிலும் பழைய மாத்திரைதான் ஜெயித்தது. ஆக, யாராவது "இதை விட்டுட்டு அதைப் போடு" என்றால் போடாதீர்கள்.

அந்தப் பழைய மாத்திரையாவது ஒழுங்காகப் போகிறதா? ஆப்பிரிக்காவின் 12 நாடுகள், இந்தியா, ஏமன் என்று 14 நாடுகளில் 3,343 ருமாட்டிக் இதய நோயாளிகளைப் பார்த்த ரெமடி ஆய்வு ஒன்று உண்டு. நோயாளிகளின் நடு வயது 28. மூன்றில் இரண்டு பேர் பெண்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுத்தவர்களில் ஐ.என்.ஆர். சரியான அளவில் இருந்தது 28 சதவீதம் பேருக்குத்தான். அதாவது நூற்றில் எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் வரப்பில் இல்லை, இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சரிந்திருந்தார்கள்.

மாத்திரை எழுதியாகிவிட்டது, வாங்கியும் ஆகிவிட்டது. சாப்பிடுவதைச் சரிபார்க்க ஆள் இல்லை.

*கீரை, கருவாடு, நீர் மாத்திரை*

எங்கள் பெரியம்மாவுக்கு வால்வு மாற்றி அனுப்பியபோது கையில் 4 பக்கம் இங்கிலீஷ் டிஸ்சார்ஜ் சம்மரி. வீட்டில் ஆளுக்கு ஒரு அர்த்தம் சொன்னோம். கீரையே கூடாது என்று ஒருவர், முட்டைக்கோஸும் கூடாது என்று இன்னொருவர். ஆறு மாதம் முருங்கைக் கீரையைக் கண்ணில் காட்டவில்லை. அடுத்த செக்கப்பில் ஒரு சிஸ்டர்தான் உட்கார வைத்துச் சொன்னார்: "சாப்பிடலாம்மா. வாரத்துக்கு ரெண்டு நாள்னா எல்லா வாரமும் ரெண்டு நாள். ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் சுத்தமா இல்லைன்னு பண்ணாதீங்க." மாத்திரை அட்டையில் சூரியன், நிலா படம் வரைந்து கொடுத்ததும் அவர்தான். அவர் பெயர்கூட எங்களுக்கு நினைவில்லை.

அவர் சொன்னது அறிவியல்படி சரி. கீரையில் உள்ள வைட்டமின் கே வார்ஃபரினுக்கு எதிராக வேலை செய்யும். அளவு சீராக இருந்தால் அதற்கேற்ப மாத்திரை அளவை டாக்டர் வைத்துவிடுவார். ஏறி இறங்கினால்தான் பிரச்சினை.

கீரையை விடக் கடற்கரை ஊர்களில் பெரிய பிரச்சினை உப்பு. கருவாடு, ஊறுகாய், அப்பளம். வால்வு கசிந்து இதயம் பலவீனமானவருக்கு ஒரு வேளை கருவாட்டுக் குழம்பு போதும், மறுநாள் கால் வீங்கும். மீன் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, பச்சை மீன் நல்லதுதான். உப்பில் ஊறியதுதான் வேண்டாம்.

தினமும் காலையில் பாத்ரூம் போய்விட்டு, சாப்பிடுவதற்கு முன் எடை பார்க்கச் சொல்வார்கள். 3 நாளில் 2 கிலோ கூடினால் அது சதை இல்லை, தண்ணீர். உடனே போன் செய்ய வேண்டும். நீர் மாத்திரை எதற்குக் கொடுக்கிறார்கள் என்று சொல்லிக்கொடுக்காவிட்டால் நோயாளி அதை விட்டுவிடுவார். குறிப்பாக பஸ் ஏறும் நாளில். புதுப்பட்டினத்திலிருந்து செங்கல்பட்டு போய் வர வேண்டும், வழியில் பெண்களுக்கு டாய்லெட் கிடையாது, மாத்திரை போட்டால் அடிக்கடி ஒதுங்க வேண்டும். எனவே செக்கப் போகிற நாளில் மாத்திரை கட். டாக்டர் பார்க்கும்போது மூச்சு வாங்கும், "மருந்து வேலை செய்யல" என்று டோஸ் ஏறும். "இன்னிக்கு நீர் மாத்திரை போட்டீங்களா?" என்று ஒரு சிஸ்டர் கேட்டால் தீர்ந்துவிடும் குழப்பம் இது. அன்றைக்கு மட்டும் வீடு திரும்பியதும் போடலாமா என்பதையும் அவரிடமே கேட்டு முடிவு செய்யலாம்.

மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரைகள், சில ஆன்டிபயாட்டிக்குகள், பெயர் தெரியாத நாட்டு மருந்துப் பொடிகள்... எல்லாமே வார்ஃபரினோடு மோதக்கூடியவை. எந்தக் கடையில் எந்த மாத்திரை வாங்கினாலும் "நான் வால்வு மாத்தினவன், ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடுறேன்" என்று முதல் வாக்கியமாகச் சொல்லிப் பழக வேண்டும். தமிழ்நாடு அரசின் 'இதயம் காப்போம்' திட்டத்தில் 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கு முதலுதவி மாத்திரைகள் கொடுக்கிறார்கள். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அட்டார்வாஸ்டாட்டின் என மொத்தம் 14 மாத்திரை. நல்ல திட்டம். ஆனால் வார்ஃபரின் எடுப்பவர் நெஞ்சு வலி என்று போனால், அந்த விஷயத்தை அங்கிருப்பவரிடம் முதலில் சொல்லியாக வேண்டும். ரத்தக் கசிவு ஆபத்து கூடும் என்பதால் முடிவு மாறலாம்.

*காய்ச்சல்னா இவங்களுக்கு வேற அர்த்தம்*

நமக்கெல்லாம் காய்ச்சல் வந்தால் ரெண்டு நாள் பார்ப்போம். வால்வு மாற்றியவருக்கு அப்படி இல்லை. வாய், தோல் வழியாக ரத்தத்தில் நுழையும் கிருமி மாற்று வால்வில் போய் ஒட்டிக்கொள்ளும். எண்டோகார்டைட்டிஸ். உயிரையே எடுக்கும்.

இதில் நம் ஊர்ப் பழக்கம் ஒன்று பெரிய எதிரி. காய்ச்சல் வந்ததும் கடையில் கேட்டு ரெண்டு ஆன்டிபயாட்டிக் போட்டுக்கொள்வது. காய்ச்சல் கொஞ்சம் இறங்கும், கிருமி சாகாது. அப்புறம் ரத்தத்தை எடுத்துக் கல்ச்சர் செய்தால் கிருமி காட்டாது. எந்தக் கிருமி என்று தெரியாமல் வாரக்கணக்கில் ஊசி போட வேண்டிய நிலை. அதனால்தான் காரணம் தெரியாத காய்ச்சல் என்றால் ஆன்டிபயாட்டிக் போடும் முன் ரத்தக் கல்ச்சர் எடுங்கள் என்று நோயாளியே கேட்க வேண்டியிருக்கிறது.

பல்லும் அப்படித்தான். ஆபரேஷனுக்கு முன்பே பல் டாக்டரிடம் அனுப்புவது இதற்காக. பிறகும் பல் பிடுங்கும் முன் ஒரு டோஸ் ஆன்டிபயாட்டிக் எடுக்க வேண்டும். தினமும் இரண்டு வேளை பல் துலக்குவது இதய சிகிச்சையில் ஒரு பாகம் என்றால் சிரிப்பார்கள். ஆனால் அதுதான் உண்மை.

*யாரும் கேட்காத கேள்வி*

ரெமடி ஆய்வில் இன்னொரு எண் உண்டு. குழந்தை பெறும் வயதிலிருந்த பெண்களில் கருத்தடை முறை எதையாவது பயன்படுத்தியவர்கள் வெறும் 3.6 சதவீதம்.

ஏன் இது முக்கியம்? வார்ஃபரின் கருவைப் பாதிக்கும், முக்கியமாக 6 முதல் 12 வாரத்துக்குள். அதற்குப் பயந்து பெண்ணே மாத்திரையை நிறுத்தினால் வால்வு அடைத்துத் தாயின் உயிருக்கே ஆபத்து. ஆக, குழந்தை வேண்டும் என்றால் முன்கூட்டியே இதய டாக்டரும் மகப்பேறு டாக்டரும் சேர்ந்து திட்டம் போட வேண்டும். வேண்டாம் என்றால் பாதுகாப்பான வழி தெரிந்திருக்க வேண்டும். நாள் தள்ளிப்போனால் உடனே, அன்றைக்கே சொல்ல வேண்டும்.

34 வயதுப் பெண்ணிடம், பக்கத்தில் மாமியாரும் கணவரும் நிற்கும்போது, அவசரமாக ஓடுகிற ஓ.பி.யில் இதை எந்த டாக்டர் கேட்பார்? மாதவிடாயில் ரத்தம் அதிகமாகப் போகிறதா என்பதையாவது? வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு அதுவும் நடக்கும், சொல்லக் கூச்சப்பட்டு ரத்தசோகையில் போய் நிற்பார்கள். தனியாகக் கூப்பிட்டுக் கேட்கும் சிஸ்டர் இருந்தால் மட்டும்தான் இந்தப் பேச்சே ஆரம்பிக்கும்.

(தமிழ் படித்தவன் என்பதால் ஒரு இடைச்செருகல். சங்க அகப்பாடல்களில் செவிலி என்பவள் தலைவியை வளர்த்த தாய். தலைவி வீட்டை விட்டுப் போய்விட்டால் பாலை நிலத்தில் அவளைத் தேடிக்கொண்டு நடப்பவளும் செவிலிதான். நர்ஸுக்கு இந்தச் சொல்லைத் தேர்ந்தவர்கள் அதை யோசித்தார்களா தெரியாது. ஆனால் வால்வு நோயாளிக்குத் தேவை அந்தத் தேடிப் போகிற வேலைதான்.)

*சரி, இதையெல்லாம் யார் செய்வது?*

ஆபரேஷனுக்கு வழி இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், வால்வு அறுவை சிகிச்சையும் அதில் வரும். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஓமந்தூரார் அரசு பன்னோக்கு மருத்துவமனை என்று அரசுத் தரப்பிலேயே இடமிருக்கிறது. கல்பாக்கத்திலிருந்து சென்னை சுமார் 70 கிலோமீட்டர். ஒரு தடவை போய் ஆபரேஷன் செய்துகொண்டு வரலாம். ஆனால் ஐ.என்.ஆர். பார்க்க மாதா மாதம், சில சமயம் வாரா வாரம் போக முடியுமா? ஒரு நாள் கூலி, இரண்டு பேர் பஸ் டிக்கெட், வெளியில் சாப்பாடு. மூன்றாவது மாதம் "நல்லாத்தானே இருக்கேன்" என்று நிறுத்திவிடுவார்கள். நம் டெக்னீஷியனுக்குப் பக்கத்திலேயே துறை மருத்துவமனை. இதுதான் அந்த ஒரே ரோட்டில் இருக்கும் வித்தியாசம்.

2021 ஆகஸ்ட் 5-ம் தேதி தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீடு வீடாகப் போகிறது. சர்க்கரை, பிரஷர் மாத்திரை, நோய்த்தணிப்புச் சிகிச்சை, பிசியோதெரபி என்பவை அதில் அறிவிக்கப்பட்ட சேவைகள். வால்வு நோயாளியின் ஐ.என்.ஆர். அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, சில நிமிடத்தில் ஐ.என்.ஆர். சொல்லும் கையடக்கக் கருவி வந்து பல வருடம் ஆகிறது. சர்க்கரை பார்க்கும் மிஷின் மாதிரிதான். ஸ்ட்ரிப் விலை அதிகம் என்பது உண்மை. ஆனால் ஒரு வட்டாரத்தில் வால்வு மாற்றியவர்கள் எத்தனை பேர் இருக்கப் போகிறார்கள்? சர்க்கரை நோயாளிகள் மாதிரி ஆயிரக்கணக்கில் இல்லை. ஏற்கெனவே வீட்டுக்குப் போகிற செவிலியர் கையில் இன்னொரு மிஷின் கொடுப்பது பெரிய செலவு இல்லை என்பதே என் கணிப்பு.

முடியாத விஷயமும் இல்லை. ருவாண்டா நம்மைவிட ஏழை நாடு, இதய டாக்டர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்தவர்கள். அங்கே கிராமப்புற மாவட்ட மருத்துவமனைகளில் செவிலியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, வால்வு மாற்றியவர்களின் ஐ.என்.ஆர். பார்ப்பது, மாத்திரை அளவை விதிமுறைப்படி கூட்டிக் குறைப்பது எல்லாவற்றையும் அவர்களே நடத்துகிறார்கள். சிக்கல் என்றால் மட்டும் டாக்டர்.

இங்கே அப்படி ஒன்று நடக்க, அதே சிஸ்டர் அதே ஊரில் பல வருடம் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வு எழுதி வந்த செவிலியர்கள் தொகுப்பூதியத்தில்தான் சேர்ந்தார்கள், ஆரம்பத்தில் மாதம் 7,700 ரூபாய். நிரந்தரம் எப்போது என்று கேட்டு 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகும் அந்தக் கோரிக்கை ஓயவில்லை. இதைச் சம்பளப் பிரச்சினையாக மட்டும் பார்க்கிறோம். நோயாளி பக்கத்திலிருந்து பாருங்கள். எந்த மாதம் எந்த ஊர் என்று தெரியாத ஒருவர், 20 வருடம் ஓட வேண்டிய ஒரு ஐ.என்.ஆர். நோட்டை எப்படிப் பராமரிப்பார்? பொது வார்டில் ராத்திரி ஒரே ஆள் எத்தனை கட்டிலைப் பார்க்கிறார் என்பது அங்கே படுத்திருந்தவர்களுக்குத் தெரியும். அவரிடம் போய் "உப்பு பத்தி அரை மணி நேரம் சொல்லிக்கொடுங்க" என்று எப்படிக் கேட்பது?

*டிஸ்சார்ஜ் அன்னிக்கு இதைக் கேளுங்க*

வீட்டில் யாருக்காவது வால்வு ஆபரேஷன் என்றால், பில் செட்டில் செய்யும் அவசரத்தில் இதை விட்டுவிடாதீர்கள். எந்த வகை வால்வு, எந்த இடத்தில், ஐ.என்.ஆர். எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை, அடுத்த டெஸ்ட் தேதி என்ன, ஒரு வேளை மாத்திரை மறந்தால் என்ன செய்வது (மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது), சந்தேகம் வந்தால் எந்த நம்பருக்குப் பேசுவது. இவ்வளவையும் தமிழில் ஒரு அட்டையில் எழுதி வாங்கிப் பர்ஸில் வையுங்கள். பென்சிலின் ஊசி இன்னும் தொடர வேண்டுமா என்பதையும் கேளுங்கள். வால்வு மாற்றியதால் அந்த ஊசி தானாக நின்றுவிடாது. வார்ஃபரின் எடுப்பவருக்குத் தசையில் ஊசி போடும் முன் அந்த விஷயம் போடுபவருக்குத் தெரிய வேண்டும். அவர் ஐ.என்.ஆர். கேட்பார், போட்ட இடத்தை நீண்ட நேரம் அழுத்திப் பிடிப்பார். வால்வு நோய் தீவிரமாக உள்ள சிலருக்கு ஊசிக்குப் பதில் மாத்திரையாகவும் தருவார்கள்.

பொதுவான சந்தேகத்துக்கு 104. ஆனால் கீழே சொல்வதில் எது நடந்தாலும் யோசிக்காமல் 108: வாய் கோணுவது, ஒரு பக்கம் கை கால் விழுவது, பேச்சு குழறுவது; தலையில் அடிபடுவது, ரத்தம் வெளியே தெரியாவிட்டாலும்; கறுப்பாக மலம் போவது, ரத்த வாந்தி; திடீர் மூச்சுத் திணறல். இன்னொன்று, மெக்கானிக்கல் வால்வு வைத்தவர்கள் ராத்திரி அமைதியில் நெஞ்சுக்குள் 'டிக் டிக்' சத்தத்தைக் கேட்டுப் பழகியிருப்பார்கள். முதலில் தூக்கம் கெடும், பிறகு பழகிவிடும். அந்தச் சத்தம் திடீரென்று மங்கினாலோ நின்றாலோ, விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.